மூன்றாம் மாடிக்கு ஏறாத தண்ணீர்

ஒரு யூதக் கிழவரின் வீட்டுக்குத் தண்ணீர் ஏறாமல் செய்தவன் நான். ஒருமுறை அல்ல; அடுத்தடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில். மறதியில் நடந்த தவறென்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே செய்தேன். செய்துவிட்டு உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன்!

இதை எவரிடமும் நான் சொன்னதில்லை. என் மனைவி ஜைனபுக்குக்கூடத் தெரியாது. பள்ளிவாசலில் என்னோடு தோள் உரசி நின்று தொழுபவர்களுக்கும் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். ஏன் தெரியுமா? உங்களை எனக்குத் தெரியாது. நாளை யாங்கோன் தெருவில் என்னைக் கண்டாலும் நீங்கள் பாட்டுக்குத் தாண்டிப் போய்விடுவீர்கள். பார்த்தீர்களா... குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குக்கூட எவ்வளவு பத்திரமான ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்!

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். நகரத்தின் பழைய பகுதியில், பெயின்ட்டும் கயிறும் ஆணியும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கடை வைத்திருப்பவன். வீட்டில் நைனா முகம்மது. அரசாங்கத் தாள்களில் ஒரு பர்மியப் பெயர். வயது அறுபது. கீழே கடை, முதல் மாடியில் வீடு. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எஸ்ராவும் அவர் மனைவி ஹபீபாவும் குடியிருக்கிறார்கள். இருவரும் யூதர்கள். இந்த நகரத்தில் இன்னும் மிச்சமிருக்கும் யூதர்கள் எல்லோரையும் கூப்பிட்டால் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்காரவைத்துச் சோறு போட்டுவிடலாம்.

எஸ்ரா எழுபதைத் தாண்டியவர். அவரை நான் எஸ்ரா நானா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். அவர் மனைவி எனக்கு ஹபீபா லாத்தா, அதாவது அக்கா. நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தான். நானாவும் நானும் பிறந்ததே இந்தக் கட்டடத்தில்.

அவருடைய முன்னோர்கள் பாக்தாதிலிருந்து வணிகத்துக்காகக் கப்பலேறி வந்தவர்கள். என் முன்னோர்கள் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். ஆனால் அதை அப்படியே சொல்லிவிடுவோமா நாங்கள்? "நாங்க அரபு வம்சம்" என்போம். எத்தனையோ தலைமுறைக்கு முன் ஏமன் நாட்டு வணிகர் ஒருவர் எங்கள் கடற்கரையில் வந்து இறங்கினாராம், பெண் எடுத்தாராம். கல்யாணப் பேச்சு என்றால் முதலில் அவரைத்தான் இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்துவோம். என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது அந்த ஏமன்காரர் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறார் என்று எனக்கே தெரிவதில்லை.

சரி, அரபு வம்சத்துக்கு அரபு தெரியுமா? எழுத்துக்கூட்டி ஓதத் தெரியும். பொருள் கேட்டால் கூரையைப் பார்ப்பேன். ஒருமுறை துபாயிலிருந்து வந்த சரக்கோடு அரபு எழுத்து அச்சடித்த அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. கால் படும் இடத்தில் வைக்க மனம் வரவில்லை. தூசி துடைத்து உயரமான அலமாரியில் ஏற்றி வைத்தேன். கடைக்கு வந்த நானா அண்ணாந்து பார்த்தார்.

"கக்கூஸ் கழுவுற மருந்த ஏன் நைனா அங்க கொண்டுபோயி ஏத்தி வெச்சிருக்கே?" என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியும். பேசவும் தெரியும். அந்த வீட்டின் மொழியே அரபுதான். பாக்தாத் யூதர்கள் பேசிய அரபு. கணவனும் மனைவியும் சண்டை போட்டால் மாடிப்படி முழுக்க அரபு உருண்டு வரும். யூதர் வீட்டில் அரபு... அரபு வம்சத்தார் வீட்டில் பாதித் தமிழ், பாதிப் பர்மியம்! இதெல்லாம் தெரிந்தும்தான், அரபுகளின் பக்கம் நின்று யூதர்கள்மேல் நான் போர் தொடுத்தேன். என் ஆயுதம் ஒரு மோட்டார் சுவிட்சு.

அந்த மோட்டாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் கட்டடத்தில் மாநகராட்சித் தண்ணீர் கீழ்த்தொட்டிவரைக்கும்தான் வரும். அங்கிருந்து மாடிக்கு ஏற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி மோட்டார். சுவிட்சுப் பலகை என் கடைக்குப் பின்னால், படிக்கட்டின் அடியில் இருக்கிறது. மின்சாரமோ முறை வைத்து வருவது. முறையும் சொன்னபடி வராது. வந்தவுடன் தெருவே "மீ லா ப்யீ!" என்று கூவும், கரண்டு வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கூவல் கேட்டதும் ஆளாளுக்கு ஓடிவந்து மோட்டார் போடுவார்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் மறுபடி எப்போது என்று கடவுளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை நானாவுக்குச் சபாத்து. அவர்களுடைய ஓய்வுநாள். அந்நேரத்தில் நெருப்பு மூட்டமாட்டார், விளக்குப் போடமாட்டார், எந்தச் சுவிட்சையும் தொடமாட்டார். இன்னொருவனைப் பார்த்து "நீ போட்டு விடு" என்று ஏவவும் மாட்டார், அதுவும் கூடாதாம். ஆனால் நிலைமையைச் சொல்லலாம். இருட்டாக இருக்கிறது, சூடாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம். கேட்டவன் தானாகப் புரிந்துகொண்டு செய்தால் குற்றமில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு கரண்டு வந்தால், நானா மெதுவாக இறங்கி வருவார். கடை வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார். யாரிடமோ சொல்வதுபோல் சொல்வார்:

"எல்லார் வூட்டுக் கொழாயும் பேசுது. எங்க வூட்டுக் கொழாய்க்கு மட்டும் தொண்ட கட்டிருச்சு போல."

நான் எழுந்துபோய் சுவிட்சைப் போடுவேன். தொட்டி நிறைந்ததும் அணைப்பேன். நன்றி சொல்லமாட்டார், நானும் எதிர்பார்க்கமாட்டேன். வாராவாரம் புதிது புதிதாகச் சொல்வார். "ஹபீபா இன்னிக்கு வாளிய தலைகீழா கவுத்தி வெச்சு அது மேல உக்காந்திருக்கா" என்றார் ஒருமுறை. சிரித்துக்கொண்டே போய் மோட்டார் போட்டேன். அந்தச் சுவிட்சைப் போடுவதில் எனக்கு ஒரு சந்தோஷமே இருந்தது. அவர் வேறு யாரிடமும் அப்படிப் பேசமாட்டார்.

அதே வெள்ளிக்கிழமை மதியம் அவர் எனக்கு ஒன்று செய்வார். ஜும்ஆத் தொழுகை நேரத்தில்தான் டாலாவிலிருந்து படகுக்காரர்கள் ஆற்றைக் கடந்து பெயின்ட் வாங்க வருவார்கள். கடையைச் சாத்திவிட்டுப் போனால் வியாபாரம் எதிர்வரிசைக்குப் போய்விடும். ஆகவே நானா இறங்கி வந்து என் நாற்காலியில் உட்காருவார். நான் பள்ளிவாசலுக்குப் போவேன். நான் அல்லாஹ்வைத் தொழுதுவிட்டு வரும்வரை என் கல்லாவைக் காத்தவர் ஒரு யூதர்! மதியம் அவர் எனக்கு, மாலையில் நான் அவருக்கு. எங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்தே அப்படித்தான். அதைப்பற்றி எவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை.

பிறகு அங்கே, காஸாவில், போர் மூண்டது.

நான் அழுதது பொய்யல்ல என்பதை மட்டும் நம்புங்கள். கைப்பேசியில் வந்த படங்களைப் பார்த்து அழுதேன். இடிபாட்டிலிருந்து தூசியோடு தூக்கிவரப்பட்ட பிள்ளைகள்... துணி சுற்றிய சின்னச் சின்ன உடல்கள்... சோறு இறங்கவில்லை எனக்கு. அந்தக் கோபம் உண்மையானது. அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. அந்தக் கோபத்தை நான் கொண்டுபோய் எங்கே செலவழித்தேன் என்பதில்தான் என் கேவலம் இருக்கிறது.

தெருமுனை டீக்கடையில் எங்கள் படை கூடும். தளபதி ஹனிஃபா, கைப்பேசி விற்கிற வியாபாரி. என் வயதுக்காரன். வயிறு மேசையில் இடிக்கும். பால் டீயை உறிஞ்சிக்கொண்டே எல்லைகளை மாற்றி வரைவான், அரசர்களைப் பதவியிறக்குவான். நாங்கள் ஆமாம் போடுவோம். ஒரு சமோசா முடிவதற்குள் ஒரு நாடு விடுதலையாகிவிடும்!

வீரர்களாம் நாங்கள்! எங்கள் வீரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். இதே நாட்டின் மேற்கு மூலையில் எங்களைப் போலவே தொழுகிறவர்களின் ஊர்கள் எரிந்தன. சேற்றிலும் ஆற்றிலும் விழுந்தடித்து அவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். அப்போது அந்த டீக்கடையில் என்ன பேசினோம் தெரியுமா? பந்தாட்டம் பேசினோம். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஹனிஃபா கண்ணைக் காட்டுவான், குரலைத் தாழ்த்தச் சொல்வான். "நமக்கு எதுக்குப்பா" என்று நான்தான் முதலில் சொல்வேன். பக்கத்தில் நடந்ததற்கு வாய் திறந்தால் ஆபத்து. தூரத்தில் நடப்பதற்குத் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் ஆவேசத்தின் அளவை அந்தத் தூரம்தான் தீர்மானித்தது.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தெருவில் கலவரப் பேச்சு கிளம்பிய நாட்களில், எதிரே போகிறவன் எங்களைப் பார்த்து 'கலா' என்று துப்பிவிட்டுப் போவான். வந்தேறி இந்தியனே என்கிற வசை. எனக்கும் அதே சொல்தான், எஸ்ரா நானாவுக்கும் அதே சொல்தான். துப்புகிறவனுக்கு யூதனாவது முஸ்லிமாவது! அப்போதெல்லாம் நானும் அவரும் ஒரே கதவின் பின்னால் நின்றுதான் தாழ்ப்பாள் போட்டோம்.

அதையெல்லாம் மறந்தேனா? மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட எனக்கு மன்னிப்பு உண்டு.

ஒருநாள் ஹனிஃபா எல்லோர் முன்னாலும் கேட்டான்:

"ஏன் நைனா, அங்க தண்ணிய நிறுத்திட்டானுங்க. புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குது. இங்க நீ ஒன் யூதனுக்கு மோட்டார் போட்டு வுடுறியாமே? நல்லா இருக்குப்பா ஒன் ஈமான்!"

ஈமான் என்றால் இறைநம்பிக்கை. என் இறைநம்பிக்கையை அவன் ஒரு மோட்டாரை வைத்து அளந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காது மடல் கொதித்தது.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "அவர் யார் தண்ணீரையும் நிறுத்தவில்லை, அவர் என் கடையைப் பார்த்துக்கொள்கிறவர்" என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு வாக்கியம்! நாக்கில் இருந்தது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். "சும்மாதான், பழக்கத்துல போட்டேன். இனிமே போடமாட்டேன்" என்று சொன்னேன். ஹனிஃபா என் முதுகில் தட்டிக்கொடுத்தான். அந்தத் தட்டுக்கு வாலாட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் நானா வழக்கம்போல் இறங்கி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி பேரன் அங்க பட்டாளத்துல இருக்கான், நைனா" என்றார். "ஒரு சேதியும் வரல. அவனுக்கு என்ன ஆச்சோன்னு நெனச்சாலும் தூக்கம் வரல. அவன் அங்க என்ன செய்யிறானோன்னு நெனச்சாலும் தூக்கம் வரல."

அவர் வாயிலிருந்து தப்பான ஒரு சொல் வரவேண்டுமென்று நான் நாட்கணக்கில் காத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சொல்! செத்த பிள்ளைகளைப் பற்றி இளக்காரமாக ஏதாவது... அவர்களுக்கு அது வேண்டும் என்கிற மாதிரி ஏதாவது... அதைப் பிடித்துக்கொண்டு அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவர் சொன்னதோ இது. ஒரு மனிதன் இரண்டு பக்கத்துக்காகவும் தூங்காமல் கிடக்கிறான். நான் மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு தொழுகைக்குப் போனேன். முன்வரிசையில் நின்று, ஒடுக்கப்பட்டவர்களுக்காகக் கையேந்தி அழுதேன். என் கடை பத்திரமாக இருந்தது, நானா பார்த்துக்கொண்டார்.

அன்று பொழுது சாய்ந்த பிறகுதான் கரண்டு வந்தது. தெரு கூவியது. நானா இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"மீ வந்துருச்சு. மேல ஒரு சத்தமும் காணோம்" என்றார்.

"அப்படியா நானா?" என்றேன்.

அவ்வளவுதான். ஆணிகளை நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தேன். எனக்குக் காது கேட்கவில்லையோ என்று அவர் நினைத்திருப்பார். "கொழாய் காஞ்சு கெடக்கு" என்றார் மறுபடியும். "வெயில் அப்படி அடிக்குது" என்றேன் நான். மெல்லப் படியேறிப் போனார். அவருக்கு நேராகக் கேட்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். கடவுளுக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டவரின் அந்த வாய்க்கட்டையே பிடித்து இறுக்கினேன். எவ்வளவு பாதுகாப்பான போர் பாருங்கள்! எதிரியால் திருப்பிக் கேட்கக்கூட முடியாது.

மறுநாள் டீக்கடையில் சொன்னேன். கைதட்டினார்கள்.

அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மதியம் அவர் என் கடையைக் காப்பார். மாலையில் நான் செவிடனாவேன். உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம்: அவர் வேறு யாரிடமாவது போகக்கூடாதா? இரண்டாம் மாடி ஒரு துணி வியாபாரியின் கிடங்கு. எப்போதும் பூட்டுத்தான். நானா வீட்டுக்கு மேலே புதிதாகக் குடிவந்த பர்மியக் குடும்பங்கள். அவர்களுக்குச் சபாத்தைப் புரியவைத்து முடிப்பதற்குள் கரண்டு போய்விடும். ஆகவே வெள்ளிக்கிழமை மதியமே கரண்டு இருந்தால் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இல்லாதபோது சனிக்கிழமை இருட்டும்வரை தொட்டுத் தொட்டுச் செலவழித்தார்கள். ஜைனப் ஒருநாள் என்னிடம், "லாத்தா வூட்டுல தண்ணிக்குக் கஷ்டமாம், மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டாள். "இருக்கும்" என்றேன்.

காஸாவில் ஒரு பிள்ளையின் உதடாவது இதனால் நனைந்ததா? ஒரு சொட்டு? உலகத்தில் எங்கேயாவது ஒரு குண்டு விழாமல் நின்றதா? நான் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கமாட்டீர்கள். ஆத்திரத்தில் ஒரு படத்தைப் பகிர்ந்துவிட்டு, கடமை முடிந்ததென்று படுத்துத் தூங்கியவர்தானே நீங்களும்! முகத்தைத் திருப்பாதீர்கள். உங்களைத் திட்டுவதால் என் பாரம் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் திட்டத் தோன்றுகிறது.

இப்போது அந்த மாலையைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தேன். "மீ லா ப்யீ!" என்று தெரு கூவியது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. படிக்கட்டில் நானாவின் காலடி கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. கைலியின் அடிப்பகுதி நனைந்திருந்தது. அவர் தெருவைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"ஹபீபாவுக்குக் காலையிலேருந்து வயித்தால போவுது. காய்ச்சல் வேற. மேல பொட்டுத் தண்ணி இல்ல" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"நைனா" என்றார். "மோட்டார் போட்டு வுடு."

அவர் கேட்டுவிட்டார்! நேராக, வாய் திறந்து, சபாத்தில்! நோயாளிக்காகக் கேட்க அவர்கள் மார்க்கத்தில் இடம் உண்டென்று லாத்தாவே முன்பொருமுறை சொன்னதுண்டு. இடம் இருந்தும் அதற்குமுன் அவர் கேட்டதில்லை. முன்பெல்லாம் கேட்கவேண்டிய நிலைக்கு நான் அவரை விட்டதில்லை.

அப்போதாவது நான் எழுந்திருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், கால் எழுந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து எதிர்வாடையில் ஹனிஃபா, கடையைச் சாத்திவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் திரும்பினானோ இல்லையோ, அது இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பினால் என்ன நினைப்பான் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியில் என் வாய் சொல்லிவிட்டது:

"மோட்டார் எரிஞ்சு போச்சு நானா. காயில் போயிருச்சு. நாளைக்குத்தான் ஆள் வரும்."

பொய். முழுப் பொய். முன்னால் யோசித்தும் வைத்திருக்கவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது!

நானா என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பார்வையைப் பார்த்ததில்லை. கோபமில்லை. என்னை அவர் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துவிட்டார்.

கடைக்குப் பின்னால் போனார். படிக்கட்டின் அடியில் குனிந்தார். நான் எழுந்து கதவோரம் வந்து நின்றேன். சுவிட்சுப் பலகையின் முன்னால் அவர் கை தூக்கியது தூக்கியபடி நின்றது. உதடு அசைந்தது. என்ன சொன்னாரோ... அரபா, அவர்களுடைய வேதத்தின் மொழியா, எனக்குத் தெரியாது. அந்த மனிதர் தம் வாழ்நாளில் சபாத்தில் ஒரு சுவிட்சைத் தொட்டதில்லை. பத்து ஆண்கள் கூடினால்தான் கூட்டுத் தொழுகை என்கிற மார்க்கத்தில், பத்துப் பேருக்கு வழியில்லாத ஊரில், ஒற்றை ஆளாக நின்று அந்த நாளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர். போரிலும் புயலிலும் ஊரடங்கிலும் கைவிடாதது.

விரல் அழுத்தியது.

மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. ஒரு விக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை! எரிந்துபோன மோட்டார்! குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம் சுவரோடு மேலே மேலே போனது. நான் சொன்ன பொய் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று இரைந்தது.

தொட்டி நிறையும்வரை அவர் அங்கேயே நின்றார். நானும் நின்றேன். பிறகு மறுபடியும் கையை நீட்டி, தாமே அணைத்தார். திரும்பி என்னைக் கடந்து போகும்போது மட்டும் சொன்னார்:

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு, நைனா."

கேலியாகச் சொல்லவில்லை. இனி நான் பழுதுபார்க்க ஆள் தேடவேண்டாம் என்பதுபோலச் சொன்னார். வாளி ஒன்று கீழே கிடந்தது, எடுத்துக்கொண்டு ஏறினார்.

ஹபீபா லாத்தாவுக்கு உடம்பு தேறிவிட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் வேறு ஏதாவது நினைப்பீர்கள். எவரும் சாகவில்லை. எவரும் படியில் விழவில்லை. போலீசுக்குப் போக ஒன்றுமில்லை. காட்டினால் தெரிகிற காயம்கூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் என்ன நடந்தது தெரியுமா? நானா இறங்கி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்! "போ, பாங்கு சொல்லியாச்சு" என்றார். அவர் வராமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் வந்துவிட்டார். அன்று தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தேன். எழவே மனமில்லை. பக்தியால் அல்ல. எழுந்தால் கடைக்குத் திரும்பவேண்டுமே!

அன்று மாலை தெரு கூவியதும் கடையைப் போட்டது போட்டபடி படிக்கட்டின் அடிக்கு ஓடினேன். அவர் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் போடுறேன் நானா... நான்தானே போடுவேன்..." என்றேன்.

"வேணாம் நைனா. கை பழகிருச்சு."

ஒரே வாரத்திலா பழகும்? நான் அந்தக் கையைப் பார்த்தேன். சுவிட்சைத் தொட்ட விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் துணிந்து ஆரம்பித்தேன். கடையில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். "நானா, அன்னிக்கு நான்..." என்றேன். "ஆள் வந்திருக்கு, பாரு" என்றார். வாசலில் உண்மையாகவே ஒரு படகுக்காரன் நின்றான். நீலம் வேண்டுமாம். டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நானா எழுந்து போயிருந்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்க அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? காஸாவுக்காகச் செய்தேன் என்றா? ஹனிஃபாவுக்காகச் செய்தேன் என்றா?

ஹனிஃபா! அவனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், என் பாரத்தில் பாதியை அவன் தலையில் கட்டிவிடலாமென்று. "நீ அன்னிக்கு அந்த மோட்டார் பத்திப் பேசினே பாரு..." என்றேன்.

"எந்த மோட்டாரு?" என்றான்.

அவனுக்கு நினைவே இல்லை. கைப்பேசிக் கடையில் இப்போது சீனாவிலிருந்து வரும் சோலார் பலகைகளை விற்கிறான். கரண்டு போகப் போக அவனுக்கு நல்ல வியாபாரம். டீக்கடையில் பேச்சும் மாறிவிட்டது. டாலர் விலை, யார் பிள்ளை எந்த நாட்டுக்குத் தப்பிப் போனான் என்பதுதான். அங்கே, அந்தத் தூரத்து ஊரில், பிள்ளைகள் சாவது நிற்கவில்லை. எங்களுக்குத்தான் அலுத்துவிட்டது.

நான் இழிந்தவன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படிச் சொல்லும்போதே ஒரு மூலையில் எனக்கு ருசிக்கிறது. பார், எவ்வளவு நேர்மையாகத் தன்னையே திட்டிக்கொள்கிறான் என்று நீங்கள் நினைக்கவேண்டும் போலிருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றபடி எல்லாம் முன்போலத்தான் நடக்கிறது. பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் பிரியாணி போகிறது. அவர்கள் புது வருடத்துக்கு எங்கள் வீட்டுக்குத் தேனில் தோய்த்த ஆப்பிள் வருகிறது. ஜைனபும் லாத்தாவும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நானா என்னோடு நன்றாகவே பேசுகிறார். விலைவாசி பேசுகிறார், முட்டிவலி பேசுகிறார்.

போன வெள்ளிக்கிழமை மாலையும் இறங்கி வந்தார். சுவிட்சைப் போட்டார், காத்திருந்தார், அணைத்தார். பிறகு, பழைய நாட்களில் நிற்பதுபோலவே கடை வாசலில் வந்து நின்று தெருவைப் பார்த்தார்.

"மழ வரும் போல இருக்கு, நைனா" என்றார்.

நான் துள்ளி எழுந்தேன். மாடியில் துணி காய்கிறதோ, ஜன்னலைச் சாத்தவேண்டுமோ, குடை வேண்டுமோ... என்ன செய்யவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மழையைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.